காற்றுக்கு மட்டும் தெரியவேண்டிய காற்றாலை

கொன்றையடி,
ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 1993.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் கிளரன்ஸ் அவர்களுக்கு,

ஏர்னெஸ்ட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உமது அக்கா ஐரிசும் மகள் சுகிர்தமும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதை இந்தக் கடிதத்தை வாசித்து முடித்தபின் நீரே தீர்மானித்துக்கொள்ளும். அங்கே நீரும் உமது மனைவி பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் நினைக்கிறோம். நேற்றைய ஜெபத்தில் மட்டும் உம்முடைய பெயரை நான் விட்டுவிட்டேன். ஐரிஸ்தான் சொல்லி முடித்தாள். காரணம் கீழே வருகிறது. நாளை கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்கு வரும் போதகரின் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

மச்சான், நீர் கொழும்பிலே திட்டமிடல் கந்தோரில், தலைக்கு மேலே மின்விசிறி சுழல, இரண்டு சங்கதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டீர். முதலாவது, எண்பத்து மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், எங்களுக்கு மின்சாரமும் என் ஸ்ரேசனுக்கு வண்டியும் வந்துகொண்டிருந்த நல்ல காலத்தில், நீர் எனக்கு அன்பளிப்பாக அனுப்பிய ‘கிராமத்துக்குக் காற்றுச் சக்தி’ என்ற கைநூல். உண்மையைச் சொன்னால் அதை நான் அப்போது வாசிக்கவில்லை. கால் ஆடிய வாங்கு ஒன்றுக்கு அண்டை கொடுத்திருந்தேன். இரண்டாவது, கடலும் காவலும் கடந்து, மூலைகள் மடங்கி, போன மாதம் ஊர் அதிகாரி என்ற முறையில் எங்கள் விதானையார் கைக்கு வந்துசேர்ந்த ‘கிராம மட்ட அவசரகாலத் திட்டம்’ என்ற சுற்றறிக்கை. இரண்டையும் ஒருசேர வாசிக்கிற பாக்கியம் இலங்கையிலேயே எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். காற்றாலை எங்கே நிற்கவேண்டும் என்று முதலாவது சொல்கிறது: மரமில்லாத, வீடில்லாத, நாலு பக்கமும் திறந்த மேட்டு நிலம். ஆபத்து வந்தால் சனம் எங்கே கூடவேண்டும் என்று இரண்டாவது சொல்கிறது: மரமில்லாத, வீடில்லாத, நாலு பக்கமும் திறந்த மேட்டு நிலம். எங்கள் ஊரில் அப்படி ஒரு நிலம்தான் உண்டு. அது என்னுடைய ஸ்ரேசன் வளவு. தலைக்கு மேலே ஹெலிக்கொப்டர் சுற்றும்போது ஊர்ச்சனம் முழுவதையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறீரே, நீர் எந்த ஆபத்தை நினைத்து எழுதினீர்? “தம்பி வெள்ளத்தை நினைச்சு எழுதியிருப்பான், அவனைப் பேசாதேங்கோ” என்று ஐரிஸ் உமக்காகப் பரிந்து வருகிறாள். ‘ஆபத்து நேர்வதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் தொலைபேசி மூலம் மேலதிகாரிக்கு அறிவிக்கவும்’ என்ற வரியை விதானையார் கூட்டத்தில் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள், நீர் என் மைத்துனர் என்று ஊருக்கே தெரியும்.

அந்தக் கூட்டத்தில்தான் என்னை அவசரகாலக் குழுவுக்கும் காற்றாலைக் குழுவுக்கும் தலைவராக்கினார்கள். வண்டி ஓடாத ஸ்ரேசனின் மாஸ்ரருக்கு வேறென்ன வேலை என்று நினைத்தார்கள் போலும். நான் மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் சுகிர்தம். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். அவளுடைய முதற் பிள்ளையை நாங்கள் எப்படிப் பறிகொடுத்தோம் என்று உமக்கு அப்போதே எழுதினேன். எங்கள் பிரசவ விடுதியில் அன்றைக்கு இருந்தது ஜாம் போத்தலில் திரி போட்ட ஒரே ஒரு விளக்கு. நேரம் பார்த்து அது அணைந்து, நெருப்புப்பெட்டி நனைந்து, மறுபடி கொளுத்தி முடிக்கையில் எல்லாம் முடிந்திருந்தது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊரில் மருத்துவிச்சியாக இருக்கும் பெர்னடெட், வாசற்படியில் இருந்து அழுதபடி, “மாஸ்ரர், எனக்குக் கை இருந்தது, கண் இருந்தது, வெளிச்சம்தான் இருக்கேல்லை” என்று சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே மச்சான், எனக்குக் காற்றாலையில் ஆசை இல்லை, தலைவர் பதவியிலும் ஆசை இல்லை. இந்த முறை அந்த அறையில் ஒரு பல்ப் எரியவேண்டும். வாங்குக்குக் கீழே கிடந்த உம்முடைய கைநூலை நான் தூசி தட்டி எடுத்தது அதற்காகத்தான்.

செய்து தர முன்வந்தவர் செல்வரட்ணம். சந்தியில் கராஜ் வைத்திருந்தவர். பெற்றோல் வரவு நின்று, திருத்துவதற்குக் கார் இல்லாமல் போன நாளிலிருந்து தன்னை எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறார். நெல்லியடியில் ஒரு கிழட்டு மொறிஸ் காரிலிருந்து டைனமோவைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வேப்பம் பலகையில் மூன்று செட்டை செதுக்கினார். பற்றறி ஒன்றும் கிடைத்தது. ஆனால் அது சேமித்து வைக்கிற வயதைத் தாண்டிவிட்டது, செட்டை சுற்றினால் பல்ப் எரியும், நின்றால் அணையும். “உயரத்துக்குத் தூண் வேணுமே, அதுக்கென்ன செய்யப் போறீர்?” என்று கேட்டேன். “அதெல்லாம் கிடக்கு மாஸ்ரர், நீங்கள் யோசியாதேங்கோ” என்றார். விடிந்து போய்ப் பார்த்தால், பிரசவ விடுதிக்குப் பின்னால் என்னுடைய தண்டவாளம் செங்குத்தாக நிற்கிறது! இழுத்துக் கட்டியிருப்பது என்னுடைய சிக்னல் கம்பி. ஊரில் குண்டுக்குப் பதுங்கும் எந்தப் பங்கருக்குள் குனிந்து போனாலும் தலைக்கு மேலே கூரையாக என்னுடைய சிலிப்பர் கட்டைகள்தான் இருக்கின்றன. அதற்கு ஒருமாதிரி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கிடையாகக் கிடந்து வண்டி சுமந்த தண்டவாளம் நெட்டுக்கு நிற்பதைப் பார்த்ததும் அதை இரண்டு தரம் சுற்றி நடந்தேன். “செல்வரட்ணம், உது என்ரை மெயின் லைனெல்லோ?” என்றேன். “ஓம் மாஸ்ரர். சும்மா கிடந்து கறள் பிடிக்கிறதிலும் பாக்க நிமிந்து நிக்கட்டும் எண்டு விட்டன்” என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவர் போல.

விடுதிக்குப் பின்னால் ஏன் நட்டீர்கள், ஸ்ரேசன் வளவில் நடுவதுதானே என்று நீர் கேட்பீர். அவ்வளவு தூரத்துக்கு வயர் எங்கே கிடைக்கும் மச்சான்? வயர் எட்டுகிற இடத்தில்தான் காற்றாலை நிற்கவேண்டும் என்ற வசனம் உம்முடைய கைநூலில் இல்லை. அங்கேயோ ஒரு பக்கம் கோவில் முகாமையாளர் அருளம்பலத்தின் பனைகள், மறுபக்கம் சிவக்கொழுந்தின் வெங்காயத் தோட்டம். ஊராரைக் கலந்தாலோசிக்கவும் என்று கைநூலில் எழுதியிருந்தீர். கலந்தாலோசித்தேன். அதற்குப் பதிலாக ஒரு புயலைக் கட்டிப் பிடித்திருக்கலாம். சிவக்கொழுந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “உந்தச் செட்டை சுத்தினால் காத்தெல்லாத்தையும் உதுதான் குடிக்கும். பிறகு என்ரை வெங்காயம் என்னெண்டு காயிறது?” என்று கேட்டாள். காற்று அப்படிக் குறையாது என்று செல்வரட்ணம் விளக்கப் புறப்பட, “ஒண்டைக் குடியாமல் லைற் எரியுமே? மண்ணெண்ணெய் குடியாமல் லாம்பு எரியுதே?” என்று மடக்கினாள். அடுத்தது அருளம்பலம். காற்றை மறைத்துக்கொண்டு நின்ற ஒற்றைப் பெரும் பனையை மட்டும் தறித்துத் தரும்படி கெஞ்சினேன். “பனை தறிக்கிறதெண்டால் கந்தோரிலை அனுமதி எடுக்கவேணும். கந்தோர் இப்ப எந்த ஊரிலை இருக்கெண்டு சொல்லுங்கோ, நாளைக்கே போறன்” என்றார். அத்தோடு காற்றாலை கோவில் கோபுரத்தை விட உயரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அப்படியானால் தேவாலய மணிக்கூண்டையும் விட உயரக்கூடாது என்று எங்கள் போதகர் எழுந்தார். சரி, இரண்டில் எது உயரம் குறைவு என்று நான் அறியாமல் கேட்டுவிட்டேன். இத்தனை காலமும் ஊரில் ஒருவரும் கேட்காமல் பத்திரமாக வைத்திருந்த கேள்வி அது என்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபின்தான் விளங்கிற்று. சண்டை மூளாமல் இருக்க, விடுதியின் தண்ணீர்த் தொட்டியை விடக் கொஞ்சம் உயரம் என்று முடித்தோம். பனையின் முழங்கால் மட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு விதானையார் மெல்லத் தொண்டையைச் செருமினார். “மேலை இருந்து பாக்கிறவன் உதை அன்ரெனா எண்டு நினைச்சால் என்ன செய்யிறது?” என்று கேட்டார். ஆகவே தூணைப் பனஞ்சிராம்பால் சுற்றி, உச்சியில் காவோலையும் பச்சோலையும் கட்டி, அசல் பனை மாதிரி ஒப்பனை செய்வதென்று தீர்மானித்தோம். ‘கொன்றையடிக் காற்றாலை வானத்துக்குத் தெரியக்கூடாது, காற்றுக்கு மட்டும் தெரியவேண்டும்’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். உம்முடைய கந்தோரில் இப்படி ஒரு வசனம் எழுத ஆள் உண்டோ?

திறப்பு விழாவை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். நிறைகுடம் வைத்தாயிற்று, ஐயர் தேங்காய் உடைத்தாயிற்று, போதகர் கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார். சோளகக் காற்றும் மனமிரங்கிக் கொஞ்சம் வீசியது. அதுவரை செட்டையைச் சுற்றாமல் ஒரு சங்கிலியால் பூட்டியிருந்தோம். செல்வரட்ணம் சங்கிலியை எடுத்துவிட்டார். செட்டை ஓலையில் உரசி, டப டப டப டப என்றது. மச்சான், நான் பொய் சொல்லவில்லை: அசல் ஹெலி. ஜெபம் ஆமென் இல்லாமலே நின்றது. கண்ணை மூடியவர்கள் திறக்குமுன் நிறைகுடம் உருண்டது, கதிரைகள் உருண்டன, ஊர் முழுக்கப் பங்கருக்குள். நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. நினைவு வந்தபோது சிவக்கொழுந்தின் பங்கரில், அவளுடைய ஆட்டுக்கும் எங்கள் போதகருக்கும் நடுவே குந்தியிருந்தேன். “பயப்பிடாதேங்கோ! எங்கடைதான்! எங்கடைதான்!” என்று செல்வரட்ணம் கத்துவது கேட்டது. அவரும் பக்கத்துப் பங்கருக்குள் இருந்துதான் கத்தினார். அறைக்குள் சுகிர்தத்தின் வயிற்றில் கைவைத்துச் சோதித்துக்கொண்டிருந்த பெர்னடெட்கூட அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டாள். அதுதான் எனக்குப் பேரிடியாக விழுந்தது. பிள்ளை வரும் நேரத்திலும் இப்படி ஓடினால்? இவ்வளவு அமர்க்களத்துக்கும் பல்ப் எரிந்த அழகைக் கேளும்: அருளம்பலத்தின் பெரும்பனை காற்றை மறித்ததால், பீடி நெருப்பளவு சிவந்துவிட்டு அணைந்தது.

அடுத்து வந்த நாட்களில் காற்று வீசும்போதெல்லாம் ஊர் பங்கருக்குள் இறங்கி ஏறியது. சுகிர்தம் நிறைவயிற்றோடு அந்தப் படிகளில் இறங்க, நான் முன்னால் நின்று கை கொடுப்பேன். பிறகு நடந்தது அதை விட மோசம். சனம் களைத்துப்போய் இறங்குவதை நிறுத்திவிட்டது. “அது மாஸ்ரற்றை ஹெலி, சும்மா கிடவுங்கோ” என்று சொல்லிக்கொண்டு முற்றம் கூட்டுகிறார்கள், மிளகாய் காயப்போடுகிறார்கள். என் பெயரில் ஒரு ஹெலிக்கொப்டர்! உண்மையான ஹெலி வந்தாலும் இந்தச் சனம் இப்படியே நிற்கப் போகிறதே என்று எனக்கு நித்திரை போயிற்று. கைநூலைப் புரட்டினேன், சுற்றறிக்கையைப் புரட்டினேன். ‘மின்சாரச் சங்கை ஒலிக்கவும்’ என்று அதில் கிடந்தது. மின்சாரம் இருந்தால் எனக்கு உந்தக் காற்றாலை என்னத்துக்கு மச்சான்?

கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். ரெயில்வேயில் லைன் கிளியர் கிடைக்காமல் ஒரு வண்டியும் புறப்படாது. அந்த விதிப்படி, நான் மணி அடிக்காமல் காற்றாலையின் சங்கிலியை எடுக்கக்கூடாது என்று செல்வரட்ணத்துக்குக் கட்டளையிட்டேன். ஸ்ரேசனில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. பங்கருக்குப் போதாத நீளம் என்பதால் தப்பியது. ஆறுதலாக, விட்டுவிட்டு அடித்தால் காற்றாலை, ஓடவேண்டாம். விடாமல் அடித்தால் ஹெலி, ஓடுங்கோ. கோவிலிலும் தேவாலயத்திலும் அறிவித்தாயிற்று. இதில் பிழைக்க என்ன இருக்கிறது என்று நீர் நினைப்பீர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை காலை, மெல்லிய காற்று வீசியது. நான் ஸ்ரேசனுக்குப் போய் மணியை அடித்தேன். அடித்தபோது எனக்கே தெரியவில்லை, மச்சான், என் கை தன் பழக்கத்தில் கொழும்பு மெயில் வண்டிக்கு அடிக்கிற தாளத்தில் அடித்துவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு ஆனிக்குப் பிறகு அந்தத் தாளம் ஊரில் கேட்கவில்லை. அடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஒழுங்கையால் சனம் வருகிறது. முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு தலை எண்ண முடியவில்லை. கையில் பெட்டி, தோளில் பை. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒடியல், பனாட்டு, மிளகாய்த்தூள், கடுதாசியில் சுற்றிய கறுத்தக் கொழும்பான் மாம்பழம். இவ்வளவையும் இந்த மூன்று வருடமும் எந்த மூலையில் கட்டி வைத்திருந்தார்களோ! ஓடவேண்டாம் என்று அறிவித்த மணிக்கு ஊரே ஓடி வந்தது, வண்டி பிடிக்க. “எத்தினை மணிக்காம் மாஸ்ரர்?” “வவுனியாவாலை வெளிக்கிட்டிட்டுதாமோ?” என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, குடையோடு வந்த பத்மாவதி ரீச்சர், கைப்பையிலிருந்து ஒரு ரிக்கற்றை எடுத்து நீட்டினா. வண்டி நின்ற கிழமைக்கு வாங்கிய ரிக்கற். “இது இன்னும் செல்லுமோ மாஸ்ரர்?” என்று கேட்டா. செல்லாது என்று சொல்வது என் கடமை. செல்லும் ரீச்சர் என்று சொல்லிவிட்டேன். தண்டவாளம் இருந்த இடத்தில் இடுப்பளவு புல் நிற்கிறது. அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கும் புல் தெரியவில்லை!

பிளாற்போமின் அந்தக் கரையில் யார் என்று நினைக்கிறீர்? சுகிர்தம். இந்தத் தையில் வவுனியாவில் படிப்பிக்கப் போய் அங்கேயே அகப்பட்டுப்போன மருமகன் இந்த வண்டியில் வருவார் என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். “அப்பா, முன்பெட்டியோ பின்பெட்டியோ எண்டு தெரியேல்லை, நான் நடுவிலை நிக்கிறன்” என்றாள். அந்த நிமிடம் எனக்கு ஏன் பிறந்தேன் என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் டப டப டப என்று கேட்டது. ஒருவரும் அசையவில்லை. “அது மாஸ்ரற்றை ஹெலி” என்று யாரோ சொன்னார்கள். நானும், ஐயோ மச்சான், இவ்வளவு அறிவாளியான நானும், செல்வரட்ணம் சங்கிலியை எடுத்துவிட்டார் என்றே நின்றேன். மரமில்லாத, வீடில்லாத, நாலு பக்கமும் திறந்த மேட்டு நிலத்தில், உம்முடைய சுற்றறிக்கை சொன்னபடியே ஊர் முழுவதும் வரிசையில் நிற்கிறது.

காப்பாற்றியது சிவக்கொழுந்தின் எரிச்சல். அவள் காற்றாலைத் திசையைப் பார்த்து மண் வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள்: “உந்தச் சனியன் போடுற சத்தத்தைப் பாருங்கோவன்! காத்து நிண்டு எவ்வளவு நேரம், ஒரு வேப்பிலை அசையேல்லை, இல்லாத காத்தையுமெல்லோ குடிக்குது!” நான் வேம்பைப் பார்த்தேன். விடுதி வாசலில் நிற்கிற அந்த வேம்பில் ஒரு இலை அசையவில்லை. காற்றில்லாமல் காற்றாலை சுற்றுமா? பாய்ந்துபோய் மணியை விடாமல் அடித்தேன், “அசல்! அசல்!” என்று கத்தினேன். அந்தச் சொல்லை ஏன் கத்தினேனோ தெரியாது, எல்லாருக்கும் விளங்கிற்று. லைனுக்குக் கீழே இருக்கும் மதகுக்குள் அத்தனை பேரும் பெட்டியும் பையுமாகப் புகுந்தோம். சுகிர்தத்தைப் பத்மாவதி ரீச்சர் ஒரு கையிலும் சிவக்கொழுந்து ஒரு கையிலும் பிடித்து இறக்கினார்கள். மேலே அது சுற்றியது, சுட்டது, போய்விட்டது. மதகுக்குள் மாம்பழ வாசமும் எங்கள் மூச்சும்தான். ஒருவருக்கும் காயமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வெளியே வந்து பார்த்தால், பிரசவ விடுதிக்குப் பின்னால் எங்கள் போலிப் பனை ஓலை கலையாமல் நிற்கிறது. பக்கத்தில் அருளம்பலத்தின் அசல் பெரும்பனைக்குத் தலை இல்லை. எது பனை என்று மேலிருந்து பார்த்தவனுக்கும் தெரியவில்லை! கந்தோரில் அனுமதி எடுக்காமல் பனை தறிபட்டுவிட்டது என்று அருளம்பலம் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சிரித்தேனா அழுதேனா என்று ஐரிசைத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே மச்சான், நான் முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு குழுக்களின் தலைவர் பதவியையும் இக்கடிதத்தோடு இராசினாமாச் செய்கிறேன். நாளைக்கே காற்றாலையைப் பிடுங்குவிக்கிறேன். என் தண்டவாளம் பழையபடி கிடையாகக் கிடந்து கறள் பிடிக்கட்டும். அந்த மணித்துண்டைக் கிணற்றில் போடப்போகிறேன். நீர் உம்முடைய கைநூலையும் சுற்றறிக்கையையும் வாபஸ் வாங்கவேண்டும். இனிமேல் எங்களூருக்கு ஒரு திட்டமும் போடவேண்டாம். சுகிர்தத்தை அடுத்த கிழமை வள்ளத்தில் கிளாலியால் கடத்தி உம்மிடம் அனுப்புகிறேன். ஒன்பதாம் மாதத்தில் வள்ளமோ, நான் விடமாட்டேன் என்று ஐரிஸ் அடுப்படியில் அழுகிறாள். ஆனால் இருட்டுக்குள் இன்னொரு தரம் அந்த அறை வாசலில் நிற்க என்னால் ஏலாது. இது என் கடைசி வார்த்தை.

உமது வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உம்மையும் பிள்ளைகளையும் தம் செட்டைகளின் கீழ் மூடிக் காப்பாராக. செட்டை என்ற சொல்லை எழுதும்போதே எனக்கு உடம்பு உதறுகிறது.

இப்படிக்கு,
உமது அத்தான்,
ஏர்னெஸ்ட் செபநாயகம்
(வண்டி ஓடாத ஸ்ரேசனின் மாஸ்ரர், இன்று முதல் வேறொன்றுமில்லை)

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. மேலே உள்ளதை நேற்று ஒட்டி வைத்த கையோடு, பொழுதுபட, சுகிர்தத்துக்கு வலி கண்டது. வள்ளமாவது கிள்ளமாவது, விடுதிக்குக் கொண்டு ஓடினோம். காற்றாலையைப் பிடுங்க ஆள் இன்னும் வரவில்லை. அதே நேரம் சோளகம் திரண்டு வந்தது, தலையில்லாத பனைக்கு மேலால் ஒரு தடையுமின்றி. மணி அடிக்க நேரமில்லை, செல்வரட்ணம் சங்கிலியை எடுத்துவிட்டார். டப டப என்றது. சனிக்கிழமைப் பயத்தில் ஊர் முழுக்கப் பங்கருக்குள் போய்விட்டது. பல்ப் எரிந்தது மச்சான். பீடி நெருப்பில்லை, வெள்ளை வெளிச்சம், கண் கூசுகிற வெளிச்சம். உள்ளே இருந்து பெர்னடெட், “மாஸ்ரர், உது காத்தோ ஹெலியோ? நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ, நான் உங்களை நம்பித்தான் நிக்கிறன்” என்று கத்தினாள். நான் வேம்பைப் பார்த்தேன். தலைவிரித்து ஆடியது. “காத்துத்தான் பிள்ளை, லைன் கிளியர்!” என்றேன். அவள் நின்றாள்.

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். விரல்களை நான் எண்ணிப் பார்த்தேன், வெளிச்சம் இருந்தபடியால். யாரிடமாவது சொல்ல வெளியே வந்தால் ஊரில் ஒரு குருவி இல்லை. ஸ்ரேசனுக்கு ஓடி மணியைப் பிடித்தேன். எந்த மாதிரி அடித்தால் எது என்று நானே போட்ட சட்டம் மறந்துபோயிற்று. கை கொழும்பு மெயிலுக்கே அடித்தது. பங்கர்களிலிருந்து எழும்பி வந்தார்கள், பெட்டியும் பையுமாக. பத்மாவதி ரீச்சர் ரிக்கற்றோடு வந்தா. “வந்திட்டுதோ மாஸ்ரர்?” என்றா. “ஓம் ரீச்சர், வந்திட்டுது. விடுதியிலை நிக்குது, போய்ப் பாருங்கோ” என்றேன். இன்று காலை எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கொழும்புக்கென்று கட்டிய ஒடியலும் பனாட்டும் மாம்பழமும் எல்லாம் இங்கேதான் வந்து குவிந்திருக்கின்றன. காற்றாலையைத் தன் தோட்டத்துக்குக் கொஞ்சம் கிட்டவாக நகர்த்தலாமோ என்று சிவக்கொழுந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவேண்டாம். இராசினாமா இல்லை, வாபஸ் இல்லை. கைநூலில் இன்னொரு பிரதி இருந்தால் அனுப்பும். சுற்றறிக்கையில் ஒரேயொரு திருத்தம் செய்யும்: ‘மூன்று நாட்களுக்கு முன்னர் அறிவிக்கவும்’ என்ற வரியை எடுத்துவிடும். உம்முடைய மருமகளின் மகள் ஒருவருக்கும் அறிவிக்காமல்தான் வந்தாள்.